பச்சை வயர் எங்கே போகிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், கார் ஷெட்டை மறித்து ரூம் எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், மொட்டை மாடியில் ஷீட் போட நினைப்பவர்கள் எல்லோரும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அறையைக் கட்டும்போது, பூசி மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போகிற வேலைகளுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். எர்த், வயரிங், வெயிலைத் தடுக்கும் ஏற்பாடு இந்த மூன்றும் முடிந்த பிறகு மிச்சம் இருப்பதில் டைல்ஸ், பெயிண்ட், கலர் லைட் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். 31 வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் செய்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஷெட்டும் தெரியும். நாகமலைப் புதுக்கோட்டையில் 1994இல் கடன் வாங்கிக் கட்டிய வீடு. பத்து வருடம் கழித்துப் பையன் செகண்ட் ஹாண்டில் மாருதி வாங்கியபோது, வீட்டின் மேற்குப் பக்கம் பத்தடிக்குப் பதினெட்டடி இடத்தில் தகர ஷீட் போட்டுத் தரைக்கு சிமெண்ட் பூசினோம். கார் போய்விட்டது. பையனும் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். ஷெட்டில் பழைய சைக்கிள், தேங்காய் மட்டை, நான் திருத்திய காலத்து அரையாண்டு விடைத்தாள் கட்டுகள் என்று குப்பை சேர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அக்கா எங்களோடு வந்து இருப்பதாக முடிவானது. அக்காவுக்கு 78 வயது. மாமா காலமான பிறகு தனியாக இருந்தார்கள். படியேற முடியாது, முழங்கால் வலி. கீழே எங்களுக்கு ஒரே ஒரு படுக்கையறை. "ஷெட்டை மறித்து அக்காவுக்கு ஒரு ரூம் எடுத்துடுவோம்ங்க" என்று வீட்டம்மாதான் சொன்னார்கள். நல்ல யோசனை. இதுவரை தவறு எதுவும் இல்லை.

நம் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் இப்போது எலக்ட்ரீஷியன். முறைப்படி ஐ.டி.ஐ. முடித்து, வயர்மேன் லைசென்ஸ் வாங்கியவன். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் போடவில்லை. அவனை வரச் சொன்னேன். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான், மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான். பிறகு கேட்டான்.

"சார், வீட்டுக்கு எர்த் குழி எங்க சார் இருக்கு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. 1994இல் வெட்டிய குழி, ஷெட்டுக்குத் தரை போட்டபோது சிமெண்டுக்கு அடியில் போய்விட்டது. இருபது வருடமாக அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவர் இல்லை.

அவன் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தான். புது எர்த் குழி, மெயினிலிருந்து தனி லைன், ரூமுக்குத் தனிப் பெட்டி, அதில் ஆர்.சி.சி.பி., பிறகு வயர், பைப், சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். கட்டட வேலை பார்த்த மேஸ்திரியோ, "எதுக்கு சார் அவ்வளவு? நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பதினேழுல முடிச்சிடலாம்" என்றார். நானும் கணக்குப் போட்டேன். மண்ணில் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட ஆறாயிரமா? 21,000 மிச்சமானால் தரைக்கு மரம் மாதிரி இருக்கிற டைல்ஸ் போடலாமே என்று தோன்றியது.

மாணவனிடம், "அடுத்த தடவை பார்ப்போம்ப்பா" என்றேன். அவன், "சரிங்க சார். ஆனா எர்த் மட்டும் யார்கிட்டயாவது போட்டுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அறை பார்க்க அழகாக வந்தது. மேலே தகரத்துக்கு அடியில் அரை அங்குல தெர்மகோல், அதற்குக் கீழே ஜிப்சம் சீலிங், சீலிங்கில் எட்டு லைட். அக்கா வந்த அன்று பால் காய்ச்சினோம். வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் தரையைத் தடவிப் பார்த்து, "நிஜ மரம் மாதிரியே இருக்கே" என்றார்கள். ஒருவர்கூட "எர்த் போட்டாச்சா?" என்று கேட்கவில்லை. நானும் யார் வீட்டு கிரகப்பிரவேசத்திலும் அப்படிக் கேட்டதில்லை.

ஏப்ரல் வந்தது. மேற்குப் பார்த்த நாலரை அங்குலச் சுவர், மேலே தகரம், ஒரே ஒரு ஜன்னல். மதியம் மூன்று மணிக்கு உள்ளே உட்கார முடியாது. அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முந்தானையை நனைத்து மேலே போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். பார்க்கப் பொறுக்காமல் ஒரு ஏர் கூலர் வாங்கி வைத்தேன். தகர பாடி, அடியில் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் சின்ன மோட்டார். இந்தக் கூலருக்கு வேலை வந்ததே வெயிலைத் தடுக்கும் செலவில் நான் கை வைத்ததால்தான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் அக்கா பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கூலரில் ஊற்றியிருக்கிறார்கள். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. வெறுங்கால். கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியிருக்கிறது. இன்னொரு கை கூலரின் பக்கவாட்டில் பட்டிருக்கிறது.

சத்தம் கேட்டு நான் ஓடியபோது அக்கா தரையில் கிடந்தார்கள். கை மேலே ஒட்டிக்கொள்ளாமல், உதறித் தள்ளிவிட்டதுதான் எங்கள் அதிர்ஷ்டம். விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது, "தம்பி, நான்தான் பார்க்காம கை வச்சிட்டேன்ப்பா." அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. தவறு செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டது அவர்கள்.

மறுநாள் காலையில் மாணவனுக்கு போன் செய்தேன். "ஏன் சார் அப்பவே கேட்கல" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வந்தான். மெயினை அணைத்துவிட்டு, மூன்று பின் பிளக் மாட்டும் சுவிட்ச் பாக்ஸைக் கழற்றினான். சாக்கெட்டின் மேல் துளையிலிருந்து ஒரு பச்சை வயர் அழகாக வந்தது. சுவிட்ச் பாக்ஸுக்குள்ளேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் மறுமுனை எதிலும் இணைக்கப்படவில்லை.

"இதுதான் சார் எர்த்" என்றான்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவன் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது, மின்சாரப் பாடத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "சார், அந்தப் பச்சை வயர் மண்ணுக்குள்ள எங்க சார் போகுது? யாரு வீட்டுலயாவது காட்டுங்க சார்." அன்றைக்குப் பாடம் முடிக்கும் அவசரம் எனக்கு. "புஸ்தகத்துல இருக்கறதை முதல்ல படி" என்று உட்கார வைத்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. எர்த் டெஸ்டரை வைத்து அளந்துகொண்டே சிரித்தபடி அதை ஞாபகப்படுத்தினான். "அப்பப் பதில் கிடைக்கலன்னுதான் சார் ஐ.டி.ஐ. போனேன்" என்றான். கேலிதான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"புவித்தொடர்பு என்றால் என்ன?" என்று இரண்டு மதிப்பெண் வினாவாக நூறு தடவை கேட்டிருப்பேன். விடைத்தாளில் சரியாக எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன். எத்தனை பேரை அவரவர் வீட்டு எர்த் குழியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்? ஒருவரையும் சொல்லவில்லை. அந்தப் பாக்கியை இன்று தீர்த்துவிடுகிறேன். கரும்பலகைதான் இல்லை.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரமான கை, வெறுங்கால் என்றால் நம் உடம்பின் மின்தடையைச் சுமார் 1,500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதி ஞாபகம் இருக்கிறதா? 230ஐ 1,500ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.15 ஆம்பியர், அதாவது 150 மில்லி ஆம்பியர். இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைத்து ஆளைக் கொல்ல இது தாராளமாகப் போதும். இதில் பத்தில் ஒரு பங்கே தசையை இறுக்கிப் பிடித்துக் கையை எடுக்க முடியாமல் செய்துவிடும்.

"அதான் எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆகிடுமே" என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கூலர் மாட்டியிருந்த லைனில் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் அது விழும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். அக்காவின் உடம்பில் போனது 150 என்றால், எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. அது விழுவதற்கு அதைப் போல நூறு மடங்கு வேண்டும். எம்.சி.பி. வைத்திருப்பது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க. ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

ஆர்.சி.சி.பி. வேறு கணக்குப் பார்க்கும். ஃபேஸ் வயரில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வயரில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், அது வேறு வழியாக, ஒருவேளை ஒரு மனுஷன் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு கசிந்தால், அரை விநாடிகூட ஆகாமல் துண்டித்துவிடும். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே இருக்கும். எங்கள் சீலிங்கில் எரியும் எட்டு லைட்டின் விலையைவிடக் குறைவு.

அப்படியானால் எர்த் எதற்கு? கூலருக்குள் ஃபேஸ் வயர் தகரத்தில் பட்டுவிட்டால், எர்த் இருந்தால் அந்தக் கசிவு உடனே மண்ணுக்குப் போகும். ஆர்.சி.சி.பி. அதைப் பார்த்து அந்தக் கணமே விழுந்துவிடும். யாரும் தொடுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். எர்த் இல்லாவிட்டால், தொடுகிற ஆள்தான் எர்த். அதனால் இரண்டும் வேண்டும். எர்த் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. காய்ந்துபோன குழியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. கூலர் பாடியில் மின்சாரம் அப்படியே நிற்கும்.

இன்னொன்று. எர்த் குழி வெட்டச் சோம்பல்பட்டு, சாக்கெட்டில் நியூட்ரலையே எடுத்து எர்த் துளையிலும் முடுக்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். டெஸ்டரில் பார்த்தால் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். என்றைக்காவது அந்த நியூட்ரல் வயர் எங்காவது விட்டுப்போனால், கூலர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் தகரத்திலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். இதைவிட எர்த் இல்லாமலே இருக்கலாம்.

இதெல்லாம் ஊர் உலகத்தில் எப்படி நடக்கிறது என்று ஒரு ஒப்பீடு. என் தம்பி மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கிறான். அங்கே கார் நிறுத்தும் கராஜ் வீட்டோடு ஒட்டியே இருக்கும். அவனும் கராஜை அறையாக மாற்றினான். விபத்துக்குப் பிறகு பேசியபோது அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. பெரும்பாலான ஊர்களில் இதற்கு நகராட்சியில் பெர்மிட் வாங்க வேண்டும். சுவருக்குள் வயர் ஓட்டி, வெப்பத்தடுப்பு வைத்த பிறகு, பலகை அடித்து மூடுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அவர் சரி என்ற பிறகுதான் மூடலாம். நம் ஆர்.சி.சி.பி. மாதிரி அங்கே ஜி.எஃப்.சி.ஐ. என்று ஒன்று உண்டு. ஐந்து மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டித்துவிடும். கராஜில் உள்ள சாக்கெட்டுகளுக்கு அது வேண்டும் என்று அவர்கள் விதியில் 1978லேயே வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்வதற்கும் முன்னால். அங்கே வீட்டு சாக்கெட்டில் 120 வோல்ட்தான். நமக்கு 230.

நம்மிடம் விதியே இல்லை என்று சொல்லவில்லை. வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தர விதிகள் இருக்கின்றன. லைசென்ஸ் கொடுக்க வாரியம் இருக்கிறது. ஆனால் ஷெட்டை ரூமாக மாற்றுகிறவர் வீட்டுக்குள் வந்து, "பூசுவதற்கு முன்னால் காட்டு" என்று கேட்க ஆள் வருவதில்லை. அப்படியென்றால் அந்த இன்ஸ்பெக்டர் வேலையை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. டைல்ஸ் ஒட்டும்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்திலேயே நின்றேன். வயர் இழுத்த அன்று பென்ஷன் விஷயமாகக் கருவூலத்துக்குப் போய்விட்டேன்.

சரி, அறையை எப்படித் திருத்தினோம் என்று சொல்கிறேன். உங்களுக்கு உதவும்.

சீலிங்கைக் கழற்றியபோது இன்னொரு பூதம் கிளம்பியது. பைப் எதுவும் இல்லாமல் வயர்களை அப்படியே தெர்மகோல் மேல் போட்டு, நடுவில் முறுக்கி டேப் சுற்றியிருந்தான் அந்தப் பையன். பி.வி.சி. வயர் தெர்மகோல் மீது நாள்பட ஒட்டிக் கிடந்தால், வயரின் மேலுறையை மென்மையாக வைத்திருக்கிற பொருள் தெர்மகோலுக்குள் இறங்கிவிடும். தெர்மகோல் உருகின மாதிரி ஆகும், வயரின் உறை விறைத்துப்போகும். வெப்பத்தைத் தடுக்கிற பொருளுக்குள் வயரைப் புதைத்தால் வயரின் சூடும் வெளியே போக வழியில்லை. போதாக்குறைக்கு, தெர்மகோலில் தீப்பிடித்தால் வருகிற கரும்புகையே ஆளைச் சாய்த்துவிடும். அறையைக் குளிர்விக்க வைத்தது, தலைக்கு மேல் கொள்ளிக்கட்டையாகக் காத்திருந்தது.

அதை எடுத்துப் போட்டுவிட்டு, அலுமினிய ஃபாயில் ஒட்டிய நுரை ஷீட்டைத் தகரத்துக்கு அடியில் இடைவெளி விட்டுப் பொருத்தினோம். தெர்மாஸ் ஃபிளாஸ்க் பாடம் ஞாபகம் இருக்கும். பளபளப்பான பரப்பு வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். ஆனால் முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது நடக்கும். ஒட்டினாற்போல் வைத்தால் வெப்பம் கடத்தலாக இறங்கிவிடும். இடைவெளியில் சேரும் சூடான காற்று வெளியேற, முன்னும் பின்னும் உச்சியில் வலை போட்ட துவாரம் வைத்தோம். தகரத்தின் வெளிப்பக்கம் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட்டிங். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு அடி தள்ளிக் கம்பி கட்டி, சங்குப்பூக் கொடி ஏற்றியிருக்கிறோம். மதியம் மூன்று மணிக்கு வெளியே நிழலில் என்ன சூடோ அதற்கு மேல் இப்போது உள்ளே ஏறுவதில்லை. ஒரு ஃபேன் போதுமாக இருக்கிறது. கூலரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன்.

ஃபாயில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஃபாயில் மின்சாரத்தைக் கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009, 2010இல் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்பு வைக்க அரசு பணம் கொடுத்தது. அவசர அவசரமாக நடந்த அந்த வேலையில் நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். அவர்களில் மூன்று பேர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். ஃபாயிலை அடித்த உலோக ஊசி கீழே இருந்த வயரைக் குத்தியதும் அந்தச் சாவுகளில் ஒன்றுக்குக் காரணம். விசாரணைக் கமிஷன் எல்லாம் வைத்தார்கள். ஆகவே வயர் முழுவதும் பைப்புக்குள் போக வேண்டும். ஃபாயில் அடிக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனும் சீலிங்காரரும் ஒருவர் வேலையை ஒருவர் தெரிந்துதான் செய்ய வேண்டும்.

கான்கிரீட் மாடி வீட்டுக்காரர்களுக்கு இந்த ஃபாயில் கதை தேவையில்லை. நம் பெரியவர்கள் மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்ததே நல்ல வெப்பத்தடுப்பு. இப்போது செலவு மிச்சம் என்று அதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஷெட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதில் துளை போடாதீர்கள், வெட்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து வேலையைக் காட்டும்.

மின்சார வேலை முழுவதும் நம் மாணவன்தான். மல்லிகைப் பந்தலுக்குப் பக்கத்தில் புதுக் குழி, பைப், கரி, உப்பு, மேலே திறந்து தண்ணீர் ஊற்ற மூடி. லைட்டுக்கு 1.5, பவர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பிற்காலத்தில் ஏ.சி. வைத்தால் ஆகட்டும் என்று 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன். இணைப்பு எதுவானாலும் பெட்டிக்குள்தான், நடுவழியில் ஒட்டு கிடையாது. மூடுவதற்கு முன் நான்கு சுவரையும் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினான். நாளைக்கு ஆணி அடிக்கும்போது வயர் எங்கே ஓடுகிறது என்று தெரியும். மொத்தச் செலவு? முதலில் அவன் சொன்ன 38,000. அதோடு பழைய வேலையைப் பிரிக்க, சீலிங் மறுபடி போட, ஆஸ்பத்திரிச் செலவு. நான் மிச்சம் பிடித்த 21,000 எத்தனை ஆயிரமாகத் திரும்பிப் போனது என்பதை வீட்டம்மாவிடம் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

இனி, எனக்கு வரப்போகிற பதில்களும் தெரியும்.

"எங்க தாத்தா கட்டின வீடு சார், எர்த்தும் இல்ல ஒண்ணும் இல்ல, அறுபது வருஷமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல." உண்மைதான். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது நாலு குண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. இன்றைக்குத் தண்ணீர் மோட்டார், கீசர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கிரைண்டர். தண்ணீரும் தகரமும் கரண்டும் ஒன்றாகச் சேர்ந்த சாமான்கள் அன்றைக்குக் கிடையாது.

"ஆர்.சி.சி.பி. போட்டோம் சார், அடிக்கடி விழுது, தொல்லைன்னு டைரக்ட் கொடுத்துட்டோம்." இதைச் சொல்பவர்கள்தான் அதிகம். எனக்குக் கோபம் வருவதும் இதற்குத்தான். அது விழுவது தொல்லைக்காக இல்லை. வீட்டில் எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. பழைய வீடுகளில் இரண்டு லைனின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கியிருந்தாலும் விழும். காய்ச்சலைக் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைக்கிறவர் உண்டா? எந்தச் சாமானால் விழுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதோடு ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் தடுக்காது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதற்குத் தெரியாது. அது இருக்கிற தைரியத்தில் யாரும் வயரில் விளையாடக் கூடாது.

"அவ்வளவு பணம் இல்லை சார்." இதுதான் நியாயமான பதில். அப்படியானால் அறையை முடிக்காமல் விடுங்கள். தரை சிமெண்டாகவே இருக்கட்டும், சுவருக்கு வெள்ளை போதும். டைல்ஸ் அடுத்த தீபாவளிக்கு ஒட்டலாம். பூசி மூடிய பிறகு எர்த் வயரை இழுக்க வேண்டும் என்றால் சுவரை உடைக்க வேண்டும். அக்கா அந்த மர டைல்ஸை ஒரு நாள்கூடப் பாராட்டியதில்லை. "வழுக்குதுப்பா" என்றுதான் சொன்னார்கள்.

வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒன்று. வயரிங்கைக் கொத்து வேலையோடு சேர்த்து, "மொத்தமா பார்த்துக்க" என்று மேஸ்திரியிடம் விடாதீர்கள். லைசென்ஸ் உள்ளவரைத் தேடி, அவரோடு நேராகப் பேசுங்கள். அவர் கேட்கிற கூலியைக் காய்கறிக் கடை மாதிரி அடித்துப் பேசாதீர்கள். குறைத்தால் அவர் எதைக் குறைப்பார்? நீங்கள் பார்க்க முடியாததைத்தான். என்னிடம் படித்தவர்களில் டாக்டர், என்ஜினீயர் என்று சொல்லிப் பெருமைப்பட்ட மேடைகள் உண்டு. கையில் டெஸ்டரோடு ஊருக்குள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவனை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன், பெயர் இல்லாமல்.

கடைசியாக வீட்டுப்பாடம். இன்று இரவுக்குள் எல்லோரும் செய்ய வேண்டும். இதற்கு மதிப்பெண் இல்லை.

1. மெயின் பெட்டி அருகே போய், 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஆர்.சி.சி.பி. பக்கத்தில் 30 எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டர் போன்றவற்றை அணைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் நாளைக்கே ஆளை வரச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

2. வீட்டின் எர்த் குழி எங்கே என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். யாருக்கும் தெரியாது என்றால் அதுவே பதில். இருந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து அதன் தடையை அளந்து பாருங்கள். சுவிட்ச் பாக்ஸை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.

3. கூலரிலோ வாஷிங் மெஷினிலோ கை வைத்தால் லேசாகச் சுர்ரென்கிறதா? "அது அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கூலரில் தண்ணீர் ஊற்றும் முன் பிளக்கைப் பிடுங்குவது எப்போதும் கட்டாயம்.

4. யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். பிறகு 108.

எலக்ட்ரீஷியனாக இருக்கிற நம் பிள்ளைகள் நான் எங்காவது தப்பாக எழுதியிருந்தால் கீழே தயங்காமல் சொல்லுங்கள். வாத்தியார் என்று பார்க்க வேண்டாம். மற்றவர்கள் "அருமை சார்", "வணக்கம் சார்" என்று எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் வீட்டுப் பச்சை வயர் எங்கே போகிறது என்று எழுதுங்கள்.

அக்கா நன்றாக இருக்கிறார்கள். கை சேர்ந்துவிட்டது, பூத் தொடுக்கிறார்கள். தினமும் காலையில் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் இருக்கும் எர்த் குழிக்கும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வருகிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மாணவன் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்